1987-க்கு முன் அருணாசலப் பிரதேசம் யாருடையதாக இருந்தது?

உங்கள் கேள்வியை ஒருமுறை சொல்லிக்கொண்டு தொடங்குகிறேன். அருணாசலப் பிரதேசம் 1987-ல்தான் மாநிலம் ஆனது என்றால், அதற்கு முன் அந்த நிலத்தை ஆண்டது யார்? ஒரு நண்பர் "அது திபெத்தின் நிலம், வெள்ளைக்காரன் கோடு போட்டு எடுத்துக்கொண்டான்" என்கிறார். இன்னொருவர் "அது எப்போதும் அஸ்ஸாமோடு இருந்ததுதான்" என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி? கடைசியில் அந்த மக்கள் போராடித்தான் மாநிலம் வாங்கினார்களா? இப்படி மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இவை ஒரே கேள்வியாகத்தான் படுகின்றன. ஒரு நிலம் யாருடையது என்று எதை வைத்துச் சொல்வது? வரைபடத்தில் கோடு போட்டவரை வைத்தா, அங்கே போய் வழக்குத் தீர்த்து வரி வாங்கியவரை வைத்தா, அங்கேயே பிறந்து செத்தவர்களை வைத்தா?

நான் அந்த மாநிலத்தில் பல ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். இருந்தது பெரும்பாலும் மேற்கிலும் நடுவிலும் உள்ள மாவட்டங்களில். அதனால் தவாங், ஜீரோ, பாசிகாட் பக்கத்துச் செய்திகளை விரிவாகச் சொல்ல முடியும். கிழக்கே திரப், சாங்லாங் பக்கம் பற்றி எனக்குத் தெரிந்தது படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதுதான். சுருக்கமான பதில் வேண்டுமென்றால் இதோ: உங்கள் நண்பர்கள் இருவரிடமும் ஆளுக்கு ஒரு துண்டு உண்மை இருக்கிறது. ஆனால் அந்த மலைகளின் பெரும்பகுதியை 1940-கள் வரை வெளியார் எவரும் ஆளவில்லை. சுற்றிலும் கோடு போட்டவர்கள் பலர். உள்ளே ஆண்டது அந்தந்த ஊர்.

முதலில் மலையடிவாரத்தையும் மலையையும் பிரித்துப் பார்த்துவிடலாம். அடிவாரத்தில் அரசுகள் இருந்தன என்பதில் சந்தேகமே இல்லை. அஸ்ஸாமின் கிழக்கு மூலையில் உள்ள சாதியாவைச் சுற்றி சுதியா மன்னர்கள் ஆண்டார்கள். 1520-களில் அஹோம்கள் அந்த அரசைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். ரோயிங் அருகே பீஷ்மக்நகர் என்ற இடத்தில் செங்கல் கோட்டையின் இடிபாடுகளை இன்றும் பார்க்கலாம். அதை ருக்மிணியின் தந்தை பீஷ்மகனின் தலைநகரம் என்று அங்குள்ளவர்கள் நம்புகிறார்கள். என் மாணவர்களில் இது ஆதாரமுள்ள வரலாறா என்று கேட்டவர்களும் உண்டு. இடிபாடு உண்மை, அது இடைக்காலத்தைச் சேர்ந்தது, சுதியா அரசோடு தொடர்புபடுத்துவதற்கு நியாயம் இருக்கிறது. ருக்மிணி கதை மக்களின் நம்பிக்கை. அதற்குரிய மரியாதையை அதற்குக் கொடுக்கலாம், ஆனால் ஆட்சி உரிமைக்கான சான்றாக அதை நீட்ட முடியாது. இரண்டையும் கலப்பவர்கள் இன்று அதிகமாகிவிட்டதால் இதைச் சொல்கிறேன்.

அடிவாரத்தைத் தாண்டி மேலே ஏறினால் கதையே வேறு. 1228-லிருந்து ஏறக்குறைய 600 ஆண்டுகள் அஸ்ஸாம் சமவெளியை ஆண்ட அஹோம் மன்னர்களால்கூட அந்த மலைகளை நிர்வகிக்க முடியவில்லை. அவர்கள் கண்ட வழி 'போசா' என்ற ஏற்பாடு. மலைமக்கள் இறங்கி வந்து சமவெளி ஊர்களைச் சூறையாடாமல் இருக்க, குறிப்பிட்ட சில அடிவார ஊர்களிலிருந்து ஆண்டுதோறும் நெல், துணி, உப்பு என்று வாங்கிக்கொள்ளும் உரிமையை மன்னரே அவர்களுக்குக் கொடுத்தார். இதைச் சமவெளிக்காரர்கள் மன்னர் தந்த கொடை என்றார்கள். மலைக்காரர்கள் தங்களுக்குச் சேரவேண்டிய வரி என்றார்கள். இரண்டு பக்கமும் தங்கள் தங்கள் கணக்கில் நிம்மதியாக இருந்ததால் அது நீண்ட நாள் ஓடியது. அஹோம்கள் அந்த மலையை ஆண்டார்கள் என்று சொல்ல இதில் இடமில்லை. ஆண்டவர் ஆளப்படுபவருக்கு ஆண்டுதோறும் கொடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

1826-ல் பர்மாவோடு போட்ட யாண்டபோ உடன்படிக்கைக்குப் பிறகு அஸ்ஸாம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கம்பெனிக்கும் மலை வேண்டியிருக்கவில்லை, தேயிலை வேண்டியிருந்தது. அடிவாரக் காடுகளை வெட்டித் தோட்டம் போட்டார்கள். ரப்பர் எடுக்கவும் யானை பிடிக்கவும் வியாபாரிகள் மலைக்குள் நுழைந்தார்கள். தங்கள் வேட்டைக்காடும் போசா ஊர்களும் கைவிட்டுப் போவதைப் பார்த்த மலைமக்கள் திருப்பி அடித்தார்கள். 1839-ல் காம்தி இனத்தவர் சாதியா காவல்நிலையைத் தாக்கி அங்கிருந்த கர்னல் வொயிட்டைக் கொன்றார்கள். அப்புறம் படை அனுப்புவது, ஊரை எரிப்பது, உடன்படிக்கை போடுவது என்று மாறி மாறி நடந்தது. 1862-ல் ஆதி மக்களோடு (அன்றைய ஆவணங்களில் அபோர் என்று இருக்கும்) போட்ட உடன்படிக்கையில், அவர்கள் அமைதியாக இருப்பதற்காக பிரிட்டிஷ் அரசு ஆண்டுதோறும் தர ஒப்புக்கொண்ட பொருள்களின் பட்டியல் இருக்கிறது: இரும்பு மண்வெட்டிகள், உப்பு, ரம், புகையிலை, அபின். போசா அப்படியே தொடர்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் இல்லை.

1873-ல் வந்ததுதான் இன்றுவரை நீடிக்கும் 'உள்கோடு'. அருணாசலம் போனவர்கள் 'இன்னர் லைன் பெர்மிட்' வாங்கியிருப்பீர்கள். அதன் வேர் வங்காள கிழக்கு எல்லை ஒழுங்குமுறைச் சட்டம் என்ற அந்த 1873-ஆம் ஆண்டுச் சட்டம். உள்கோட்டைத் தாண்டி அனுமதியில்லாமல் பிரிட்டிஷ் குடிமக்கள் போகக்கூடாது, அங்கே நிலம் வாங்கக்கூடாது. இதை மலைமக்களைக் காப்பாற்ற வந்த சட்டமாகவே பலர் நினைக்கிறார்கள். பலன் அப்படித்தான் ஆயிற்று, அதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். நிலம் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் வந்த காரணம் வேறு. தோட்டக்காரர்களும் ரப்பர் வியாபாரிகளும் மலைக்குள் போய்ச் சண்டை இழுத்துவிட்டு, கடைசியில் அரசு படை அனுப்ப வேண்டியிருந்தது. அந்தச் செலவை நிறுத்த வந்த கோடு இது. முக்கியமானது என்னவென்றால், இது நாட்டின் எல்லை இல்லை. வரி வாங்கி, நீதிமன்றம் வைத்து ஆளும் இடம் இதுவரைதான் என்று அரசே தன் பக்கத்தில் போட்டுக்கொண்ட கோடு. கோட்டுக்கு அப்பால் 'வெளிக்கோடு' என்று ஒன்றும் பேச்சில் இருந்தது. அதற்கும் அப்பால் என்ன இருக்கிறது என்று அதிகாரிகளுக்கே தெளிவில்லை.

தெரிந்துகொள்ளப் போனபோதும் அது சுலபமாக நடக்கவில்லை. 1875-ல் கிழக்கே வாஞ்சோ மக்களின் பகுதியில் நில அளவைக்குப் போன குழுவை நினு என்ற ஊரில் தாக்கினார்கள். லெப்டினன்ட் ஹோல்கோம்பும் அவரோடு போனவர்களில் பலரும் கொல்லப்பட்டார்கள். அளவுக் கருவியோடு வருபவன் பின்னால் என்ன வரும் என்று அந்த ஊர்க்காரர்கள் சரியாகவே ஊகித்திருந்தார்கள் என்பது என் கருத்து. இதற்குப் பதிலடியாக ஊர்கள் எரிக்கப்பட்டன.

1910-ல் காட்சி மாறுகிறது. சீனாவின் சிங் (Qing) பேரரசின் கடைசி நாட்களில் சீனப் படை லாசாவுக்குள் நுழைந்தது. கிழக்கே லோஹித் நதியின் மேல்பகுதியில் ரீமா வரை வந்தது, வாலோங் பக்கம் எல்லைக் கம்பமும் நட்டது. அதுவரை மலையைத் தொந்தரவாக மட்டுமே பார்த்த பிரிட்டிஷாருக்கு அது திடீரென்று அரணாகத் தெரிந்தது. அதே நேரத்தில், 1911 மார்ச் கடைசியில், சாதியாவின் துணை அரசியல் அதிகாரி நோயல் வில்லியம்சன் உள்கோட்டைத் தாண்டி சியாங் பள்ளத்தாக்கில் கோம்சிங் என்ற ஊர் வரை போய், அங்கே ஆதி மக்களால் கொல்லப்பட்டார். அவரோடு வந்த மருத்துவர் கிரிகர்சன் பாங்கியில் கொல்லப்பட்டார். பழிவாங்க ஜெனரல் போவர் தலைமையில் பெரிய படை போயிற்று. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய மாத்மூர் ஜாமோவை அந்தமானுக்கு அனுப்பினார்கள். இன்று அருணாசலத்தில் அவரை விடுதலைப் போராட்ட வீரர் என்று கொண்டாடுகிறார்கள். அந்தப் படையெடுப்போடு, மிஷ்மி, மிரி மலைகளுக்கும் தனித்தனிக் குழுக்கள் போய் நிலத்தை அளந்தன. எல்லைக்கோடு எங்கே போடலாம் என்ற நோக்கம் இந்த அளவையில் ஒளிந்திருந்தது.

இனி உங்கள் முதல் நண்பரின் வாதத்துக்கு வரலாம். 1913-14-ல் சிம்லாவில் பிரிட்டிஷ் இந்தியா, திபெத், சீனா மூன்றும் உட்கார்ந்து பேசின. இந்தியா-திபெத் எல்லையைப் பற்றி அந்த மாநாட்டு மேசையில் மூவரும் சேர்ந்து பேசவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் பிரதிநிதி ஹென்றி மக்மகனும் திபெத்தின் பிரதிநிதி லோன்சென் சாத்ராவும் 1914 மார்ச் 24, 25 தேதிகளில் டெல்லியில் கடிதம் பரிமாறிக்கொண்டு முடித்தார்கள். மக்மகன் கோடு என்பது இதுதான். அதற்கு முந்தைய ஆண்டுதான் கேப்டன் பெய்லியும் மோர்ஸ்ஹெட்டும் திபாங் பள்ளத்தாக்கின் வழியாகத் திபெத்துக்குள் ஏறி, மேற்கே தவாங் வரை நடந்தே அந்த மலைகளைக் குறித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அந்தக் குறிப்புகள் இல்லாமல் கோடு போட்டிருக்கவே முடியாது. வரைபடம் இரண்டு தாள்களில், அங்குலத்துக்கு 8 மைல் என்ற அளவில், தடித்த சிவப்பு மையில் வரையப்பட்டது. அந்த அளவில் பேனா முனையின் அகலமே தரையில் ஒரு ஊரையோ ஓடையையோ விழுங்கிவிடும். 1962-ல் போர் மூண்ட தக்லா முகடு இப்படி விழுந்த இடம்தான். நீர்பிரி முகட்டின் வழியே எல்லை போகிறது என்றது இந்தியா. வரைபடத்துக் கோடு அந்த முகட்டுக்குத் தெற்கே போகிறது என்றது சீனா.

இதில் உறுதியானவை இவை. திபெத்தின் பிரதிநிதி அந்தக் கோட்டை ஏற்றுக் கையெழுத்திட்டார். சீனப் பிரதிநிதி சிம்லா வரைவில் பெயரின் முதலெழுத்துகளை இட்டார், ஆனால் அவருடைய அரசு அதை ஏற்க மறுத்தது. உறுதியாகச் சொல்ல முடியாதது, அன்றைய திபெத்துக்குத் தனியாக எல்லை உடன்படிக்கை போடும் தகுதி இருந்ததா என்பது. அது சட்ட வாதம். திபெத் அன்று நடைமுறையில் தன்னைத் தானே ஆண்டுகொண்டிருந்தது என்பதைப் பார்த்தால் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். மாற்றுக் கருத்துக்காரர்கள் முட்டாள்கள் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்படியானால் அது திபெத்தின் நிலமா? தவாங்கைப் பொறுத்தவரை உங்கள் நண்பர் சொல்வதில் கனம் இருக்கிறது. தவாங் மடம் 1680-81-ல் ஐந்தாம் தலாய் லாமாவின் காலத்தில் மேரா லாமா நிறுவியது. ஆறாம் தலாய் லாமா பிறந்ததே தவாங் அருகே உர்கெலிங்கில். தவாங் பகுதியின் மோன்பா மக்கள் மடத்துக்கும், எல்லைக்கு அப்பால் ட்சோனாவில் இருந்த திபெத்திய அதிகாரிகளுக்கும் வரி கட்டினார்கள், சுமையும் சுமந்தார்கள். 1914-ல் கோடு தவாங்குக்கு வடக்கே விழுந்த பிறகும் இது நிற்கவில்லை. ஆனால் தவாங்கை வைத்து முழு அருணாசலத்தையும் கணக்குப் போடுவது பெரிய தவறு. நிஷி, ஆபாதானி, ஆதி, தாகின், மிஷ்மி, வாஞ்சோ, நோக்டே மக்களின் ஊர்களில் லாசாவின் ஆட்சி நடக்கவில்லை. அவர்களில் பலர் திபெத்தியரோடு உப்பும் வாளும் மணியும் கம்பளியும் மாற்றிக்கொண்டார்கள். வியாபாரம் வேறு, ஆட்சி வேறு. நோக்டேக்களுக்கோ உப்புக்காகத் திபெத் பக்கம் திரும்ப வேண்டிய தேவையே இல்லை. நம்சாங், போர்துரியா பக்கத்தில் அவர்களிடமே உப்பூற்று இருந்தது, சமவெளிக்கு அவர்கள்தான் விற்றார்கள்.

கோடு போட்ட பிரிட்டிஷாரே அதை மறந்துபோனார்கள் என்பது இந்த வரலாற்றில் என்னை மிகவும் யோசிக்கவைத்த பகுதி. அரசின் உடன்படிக்கைத் தொகுப்பு 1929-ல் வெளிவந்தபோது அதில் சிம்லாக் கடிதங்கள் இல்லை. 1935 வாக்கில் ஓலாஃப் கேரோ என்ற அதிகாரி பழைய கோப்புகளைப் புரட்டும்போதுதான் இப்படி ஒரு எல்லை இருப்பது மறுபடியும் கவனத்துக்கு வந்தது. 1938-ல் அந்தத் தொகுதியைப் புதிதாக அச்சிட்டு, கடிதங்களைச் சேர்த்து, ஆண்டை மட்டும் 1929 என்றே போட்டார்கள். பழைய பிரதிகளைத் திரும்பப் பெற்றார்கள். சில பிரதிகள் தப்பிப் பிழைத்ததால்தான் பின்னாளில் இது வெளியே தெரிந்தது. இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களில் மக்மகன் கோடு வந்ததும் 1930-களின் பிற்பகுதியில்தான். 1938-ல் கேப்டன் லைட்ஃபுட் தவாங்குக்குப் போய்ப் பார்த்து வந்தார், ஆனால் நிரந்தர நிர்வாகம் தொடரவில்லை. 1914-லிருந்து கால் நூற்றாண்டு, கோடு இருந்தது, ஆட்சி இல்லை.

பெயர்களைப் பற்றி நீண்ட பட்டியல் போடுவதில் பயனில்லை. 1914-ல் வடகிழக்கு எல்லைப் பகுதிகள் என்று தனியாகப் பிரித்தார்கள். பின்னால் பாலிபாரா, சாதியா, 1943-ல் திரப் என்று கூறுகள் வந்தன. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் இவற்றை 'விலக்கப்பட்ட பகுதி' என்றது. அதாவது மாகாணச் சட்டமன்றத்துக்கு இங்கே அதிகாரம் கிடையாது, ஆளுநர் நேரடியாகப் பார்த்துக்கொள்வார். உங்கள் இரண்டாவது நண்பரின் பதில் இங்கேதான் இருக்கிறது. 1950-ல் அரசியலமைப்பு வந்தபோது இந்தப் பகுதி அஸ்ஸாமின் அங்கமாகவே ஆறாவது அட்டவணையில் எழுதப்பட்டது. ஆனால் நிர்வாகம் அஸ்ஸாம் அமைச்சரவையிடம் இல்லை. அஸ்ஸாம் ஆளுநர் குடியரசுத் தலைவரின் முகவராக இருந்து நடத்தினார், கோப்புகள் டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்துக்குப் போயின. சொந்த நாட்டின் ஒரு பகுதியை வெளியுறவு அமைச்சகம் 1965 வரை நிர்வகித்தது என்றால் பலர் நம்புவதில்லை. காகிதத்தில் அஸ்ஸாம், கையில் டெல்லி என்பதுதான் சரியான விவரம்.

சரி, உண்மையில் அரசு எப்போது வந்தது? பெரும்பாலான ஊர்களுக்கு இரண்டாம் உலகப் போரின் கடைசியிலிருந்து 1960 வரைக்குள். வந்தது எப்படி என்பதை ஒரு பயணத்தை வைத்துச் சொல்கிறேன். இந்த விவரங்களை நான் பழைய மொழிபெயர்ப்பாளர்களின் வாயால் கேட்டிருக்கிறேன். அவர்களை அங்கே 'கோட்டோகி' என்பார்கள், சிவப்புக் கோட்டு போட்டிருப்பார்கள். முன்னால் கோட்டோகி, அடுத்து அதிகாரி, கொஞ்சம் அஸ்ஸாம் ரைபிள்ஸ் வீரர்கள், பின்னால் ஒற்றை வரிசையில் சுமைகாரர்கள். நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் கூடை. கூடையில் அரிசி, உப்பு, ஊர்ப் பெரியவருக்குக் கொடுக்கச் சிவப்புக் கோட்டு. மழைக்காலத்தில் காலெல்லாம் அட்டை. சியாங் நதியைக் கடக்கப் பிரம்புப் பாலம், குழாய் போலப் பின்னியது, நடக்க நடக்க ஆடும். ஊருக்குள் நுழைந்ததும் அதிகாரி முதலில் செய்வது உப்பு கொடுப்பது. திபெத்து உப்பு பல நாள் நடையில் வருவது, விலை அதிகம். அதனால் சமவெளி உப்போடு வருபவனுக்கு உட்கார இடம் கிடைக்கும். பிறகுதான் பேச்சு: பக்கத்து ஊரோடு பகை வேண்டாம், பிடித்துவைத்திருக்கும் ஆளை விட்டுவிடு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு பையனைக் கொடு.

சாலை கிடையாது என்பதால் உள்ளே இருந்த காவல்நிலைகளுக்கு அரிசியும் உப்பும் டகோட்டா விமானத்திலிருந்து மூட்டையாக வீசப்பட்டன. மேகம் இறங்கிவிட்டால் வாரக்கணக்கில் விமானம் வராது. இதெல்லாம் கேட்க வீரக்கதை போல இருக்கும். ஆனால் அந்தச் சுமை எல்லாரும் விரும்பிச் சுமந்தது இல்லை. 1948-ல் ஜீரோ பள்ளத்தாக்கின் ஆபாதானிகள் ஒரு காவல்நிலையைத் தாக்கியதற்குக் கட்டாயச் சுமைவேலை முக்கியக் காரணம். பதிலுக்கு அரசு துப்பாக்கி எடுத்தது, வீடுகள் எரிந்தன. சுதந்திர இந்தியாவின் அரசும் அந்த மக்களிடம் முதலில் போய்ச் சேர்ந்த விதம் எல்லா இடத்திலும் மென்மையாக இருக்கவில்லை.

அதே நேரத்தில் வேறு மாதிரி நடந்ததும் உண்டு. 1951 பிப்ரவரியில், மணிப்பூரைச் சேர்ந்த தாங்குல் நாகரான மேஜர் பாப் காதிங், அஸ்ஸாம் ரைபிள்ஸ் படையோடு சேலாக் கணவாயைத் தாண்டித் தவாங் போய்ச் சேர்ந்தார். ஒரு குண்டுகூடச் சுடாமல், ஊர்ப் பெரியவர்களோடு பேசி, இனி ட்சோனாவுக்கு வரி கிடையாது என்று அறிவித்து, இந்திய நிர்வாகத்தை நிறுவினார். லாசா எதிர்ப்புத் தெரிவித்தது. சீனப் படை அப்போது திபெத்துக்குள் வந்துகொண்டிருந்த நேரம், இன்னும் சில மாதம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. 1953-ல் அச்சிங்மோரியில் தாகின்கள் மேஜர் ரிபுதமன் சிங்கையும் அவர் குழுவில் பலரையும் கொன்றார்கள். குண்டு வீசிப் பாடம் புகட்ட வேண்டும் என்ற பேச்சு எழுந்தது, நேரு அதை ஏற்கவில்லை. படை நடந்துதான் போயிற்று, குற்றவாளிகளைப் பிடித்து விசாரித்தார்கள், ஊர்களை எரிக்கவில்லை. 1911-ஐயும் 1953-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளே வித்தியாசத்தைப் பிடித்துவிடுவார்கள்.

1954-ல் 'நேஃபா' என்று நாம் பழைய செய்தித்தாள்களில் படித்த வடகிழக்கு எல்லை முகமை உருவானது. காமெங், சுபன்சிரி, சியாங், லோஹித், திரப், துயென்சாங் என்று பிரிவுகள். துயென்சாங் 1957-ல் நாகா பகுதியோடு போய்விட்டது. இந்த மலைகளுக்கென்றே தனியாக எல்லை நிர்வாகப் பணி என்று ஒரு பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். மதிப்பெண்ணைவிட, அந்த மலையில் வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் மனம் உள்ளவரா என்பதைப் பார்த்தார்கள். பழங்குடி விவகார ஆலோசகராக வந்தவர் வெரியர் எல்வின். இங்கிலாந்தில் பிறந்து, மதபோதகராக வந்து, அந்த வேலையை விட்டுவிட்டு இந்தியக் குடிமகனானவர். நிலமும் காடும் அவர்களுடையது, அவர்கள் மீது எதையும் திணிக்காதே, அவர்களிலிருந்தே ஆட்களைப் பயிற்றுவித்து நிர்வாகத்துக்குக் கொண்டுவா, அளவுக்கு மீறி நிர்வகிக்காதே என்பதுதான் நேருவும் அவரும் வகுத்த கொள்கையின் சாரம். இதைப் பலர் நாடாளுமன்றத்திலும் வெளியிலும் 'அருங்காட்சியகத்தில் அடைத்து வைக்கிறார்கள்' என்று திட்டினார்கள். நான் அந்தத் திட்டை ஏற்கவில்லை. நாட்டின் மற்ற பழங்குடிப் பகுதிகளில் நிலம் எப்படிக் கைமாறியது என்று பார்த்தவர்களுக்கு இந்தக் கொள்கையின் அருமை தெரியும்.

இந்த எல்லாக் காலத்திலும் வழக்கு எங்கே தீர்ந்தது? ஊர் மன்றத்தில். ஆதி மக்களிடம் 'கெபாங்', ஆபாதானிகளிடம் 'புலியாங்'. நெருப்பைச் சுற்றிப் பெரியவர்கள் உட்கார்ந்து, ஒவ்வொருவராக நீட்டி முழக்கிப் பேசி, பழைய வழக்குகளை எடுத்துச் சொல்லி, கடைசியில் இத்தனை மிதுன் அபராதம் என்று முடிப்பார்கள். மிதுன் அங்குள்ள மாட்டினம், செல்வத்தின் அளவுகோல். பிரிட்டிஷார் போகும் முன் 1945-ல் போட்ட நீதி நிர்வாக ஒழுங்குமுறை இந்த மன்றங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. பின்னால் வந்த அரசுகளும் அதைத் தூக்கி எறியவில்லை. யார் ஆண்டார்கள் என்று கேட்டால் நான் முதலில் இந்த மன்றங்களைத்தான் சொல்வேன். இவை எல்லாமே நல்லவை என்று சொல்ல மாட்டேன். பெண்களுக்கு அங்கே குரல் மிகக் குறைவு, சில பகுதிகளில் அடிமை வைத்திருக்கும் வழக்கமும் இருந்தது, அதை ஒழிக்க அரசுதான் பணம் கொடுத்து ஆட்களை மீட்டது.

1962 போரைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டதால் சுருக்கமாகப் போகிறேன். அக்டோபர் 20-ல் தொடங்கி நவம்பர் 21-ல் சீனா போர்நிறுத்தம் அறிவித்தது. அதற்குள் தவாங், சேலா, போம்டிலா, வாலோங் எல்லாம் விழுந்தன. பிறகு சீனப்படை கோட்டுக்கு அப்பால் திரும்பியது, இந்திய நிர்வாகம் மறுபடி ஏறிப்போனது. போருக்குப் பிறகு டெல்லியின் பார்வை மாறியது. மெதுவாகப் போகலாம் என்ற எண்ணம் போய், சாலை, படை, பள்ளிக்கூடம் எல்லாம் வேகமாக வேண்டும் என்றானது. அந்த வேகத்தில் ஊர்க்காரர்களைக் கேட்காமல் எடுத்த முடிவுகளும் உண்டு. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த சக்மா, ஹஜோங் அகதிகள் ஏறக்குறைய 15,000 பேரை 1964 முதல் 1969 வரை இங்கே குடியமர்த்தினார்கள். காப்தாய் அணையில் நிலத்தை இழந்து வந்தவர்கள் அவர்களில் பலர். அவர்கள் மேலும் பழி இல்லை, மலைமக்களின் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆளுக்கொரு வாக்குகூட இல்லாத காலத்தில் எடுத்த முடிவு அது, இன்றும் அங்கே எரியும் பிரச்சினை.

வாக்கைப் பற்றிச் சொன்னதால் உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நாடு முழுவதும் 1952-ல் வாக்களித்தபோது இந்த மலைகளில் தேர்தல் இல்லை, குடியரசுத் தலைவர் நியமித்த ஒருவர் மக்களவையில் உட்கார்ந்தார். ஆதி இனத்தவரான தாயிங் எரிங் தலைமையிலான குழு 1960-களின் நடுவில் தந்த அறிக்கைதான் திருப்பம். அதன்படி 1967-ல் பஞ்சாயத்து ஒழுங்குமுறை வந்தது. ஊர் மன்றத்திலிருந்து மேலே வட்டம், மாவட்டம், முகமை மன்றம் என்று படிப்படியாகக் கட்டினார்கள். 1972 ஜனவரியில் அஸ்ஸாமிலிருந்து சட்டப்படிப் பிரிந்து, அருணாசலப் பிரதேசம் என்ற பெயரில் ஒன்றியப் பிரதேசம் ஆனது. தலைநகரம் ஷில்லாங்கிலிருந்து இட்டாநகருக்கு வந்தது 1974-ல். 1975-ல் சட்டமன்றம் அமைந்தது, பிரேம் காண்டு துங்கன் முதல் முதலமைச்சர். மக்களவைக்கு முதல் நேரடித் தேர்தல் 1977-ல். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரம் அங்கே பள்ளிகளைத் திறந்ததும் அதே ஆண்டுதான். தமிழ்நாட்டு, கேரள ஆசிரியர்கள் பலர் அந்த வழியாக அந்த மலைகளுக்கு வந்தார்கள்.

ஆகவே நாகாலாந்து, மிசோரம் போல ஆயுதப் போராட்டமோ, நீண்ட மக்கள் கிளர்ச்சியோ அருணாசலத்தின் மாநிலத் தகுதிக்குப் பின்னால் இல்லை. உள்ளூர்த் தலைவர்கள் கேட்டார்கள், சட்டமன்றம் கேட்டது, டெல்லிக்கும் காரணம் இருந்தது. 1986-ல் தவாங்குக்கு அருகே சும்தோரோங் சூ பள்ளத்தாக்கில் இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்றுகொண்டிருந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது, 1987 பிப்ரவரி 20-ல் அருணாசலம் 24-ஆவது மாநிலம் ஆனது. சீனா கண்டனம் தெரிவித்தது. எல்லை நெருக்கடிதான் தேதியை முடிவு செய்தது என்று சிலர் உறுதியாக எழுதுகிறார்கள். அது பொருத்தமான ஊகம், அதற்கு மேல் நான் போக மாட்டேன். மாநிலம் ஆன பிறகும் அரசியலமைப்பின் 371எச் பிரிவின்படி சட்டம் ஒழுங்கில் ஆளுநருக்குத் தனிப் பொறுப்பு உண்டு. எல்லைப் பகுதி என்ற பழைய முத்திரை அந்தப் பிரிவில் இன்னும் இருக்கிறது.

உங்கள் இரண்டாவது நண்பரிடம் பேசும்போது இன்னொன்றையும் சொல்லுங்கள். 1951-ல் அடிவாரச் சமவெளியில் 3,648 சதுர கிலோமீட்டரை இந்தப் பகுதியிலிருந்து எடுத்து அஸ்ஸாம் மாவட்டங்களோடு நேரடியாகச் சேர்த்தார்கள். மலைமக்களின் தலைவர்களைக் கேட்டுச் செய்யவில்லை என்பது அருணாசலத்தின் குறை. அறிவிப்பு முறைப்படி வந்தது, அதுவே எல்லை என்பது அஸ்ஸாமின் வாதம். பழைய போசா ஊர்கள் பல அந்தச் சமவெளியில்தான் வரும் என்பதால், இந்தச் சண்டை 1951-ல் தொடங்கியது என்றுகூட நான் சொல்ல மாட்டேன். இரண்டு மாநிலங்களும் 123 ஊர்களைப் பட்டியலிட்டு 2022-ல் நம்சாயில் பேசி, 2023 ஏப்ரலில் டெல்லியில் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. தரையில் கல் நடும் வேலைதான் இனி ஊர் ஊராக நடக்க வேண்டும்.